பிரேக் சார் வாய் திறக்காத ஞாயிறு

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மற்ற எல்லோருக்கும் அவர் பிரேக் சார். டிரைவிங் ஸ்கூலில் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கு மட்டும் மிதிப்பார்கள். மாமாவுக்கு எல்லாமே ஆபத்துதான். எதிரே நாய் வந்தால் ஆபத்து. நாய் வரவில்லையென்றால், இனிமேல் வரலாம் என்கிற ஆபத்து. வண்டி நகர்வதற்குள் மிதித்துவிடுவார். அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து வைத்த பெயர் அது. நானும் அவரிடம்தான் படித்தேன். அந்தக் கதையைக் கிளறினால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால் மேலே போகிறேன்.

வீட்டுக்கு வந்தாலும் அவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கத் தெரியாது. அக்கா வெங்காயம் நறுக்கினால், "கத்தியக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி" என்பார். துணி மடித்தால், "முதல்ல கையை மடி, அப்புறம் காலரு" என்பார். அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். கத்துகிறவர்களையும் மயங்கி விழுகிறவர்களையும் நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு வருவாள். ஆகவே பதில் பேசமாட்டாள். தன் பாட்டுக்கு நறுக்குவாள். மாடியில் குடியிருக்கும் எனக்குத்தான் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் பக்கம் போனதே டிரைவிங் ஸ்கூல் செய்த புண்ணியம். சாலைக் குறிகளைப் பற்றிய கேள்விகளைக் கேட்டு மார்க் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். அதில் கேள்விகளை ஏற்ற ஆள் இல்லை. மாமா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையைக் கொடுத்தார். வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். யாராவது தப்பான விடையை அழுத்தினால் திரை சிவந்து, 'தவறு. கவனம் எங்கே இருக்கிறது?' என்று வரும். அதைப் பார்த்து ஸ்கூல் முதலாளிக்கே முகம் வெளிறிவிட்டது. மாமாவுக்கோ தலைகால் புரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஒன்றை அவர் அப்போதுதான் முதல்முறையாகச் சந்தித்தார். அக்கா எதிர்த்துப் பேசமாட்டாள்தான், ஆனால் சொன்னபடி கேட்கவும் மாட்டாளே.

அப்புறம் பொழுதுபோக்காக ஒரு கேம் எழுத ஆரம்பித்தார். பெயர் 'பீரோ ஊர்வலம்'. ஒரு குட்டி வேனின் கூரைமேல் பெரிய இரும்பு பீரோ. கயிறு கிடையாது. நெரிசலான தெருக்கள் வழியாக, திருப்பங்களில் பீரோவைச் சாய விடாமல், புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதியின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நினைத்தாலே சிரிப்பு வருகிற யோசனை. மாமாவுக்கு இது எங்கிருந்து தோன்றியது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சாப்பாட்டு மேஜையில் பாதி அவர் கம்ப்யூட்டருக்குப் போனது. எங்கள் வீட்டில் அமைதி பிறந்தது. வெங்காயம் தன் இஷ்டத்துக்கு நறுக்கப்பட்டது.

ஒருநாள் தலைவலித் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனவர், தலைவலிக்குக் காரணம் பீரோ சாயும் கோணம்தான் என்று அங்கேயே விளக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்காரம்மா தைலத்தை எடுத்த கையோடு நின்று கேட்டாராம்.

"சார், நீங்களும் நம்ம ஆளா?"

அந்த அம்மா நடத்துவதுதான் அரைவேக்காடு சங்கம். முழுசாக வேகாத கேம்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களின் கூட்டம். ஞாயிறு மதியம் கூடுவார்கள். இடம், ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடி. கீழே டாக்டராக இருப்பவர் அந்த அம்மாவின் தம்பி என்பதால் வாடகைப் பேச்சு இல்லை. தையல் கடை வைத்திருப்பவர் படம் வரைவார். பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் இசை போடுவார். மீசை பெரிசு என்பதால் அவருக்கு மீசை என்றே பெயர்.

வருஷத்துக்கு ஒரு தடவை சங்கம் தங்கள் கேம்களைத் தொகுத்து எல்லோருக்கும் இலவசமாக வெளியிடும். தொகுப்பில் இடம்பிடிக்க ஒரே ஒரு விதி. அந்த கேமை அதுவரை பார்த்தே இராத வெளியாள் ஒருவர், யார் உதவியும் இல்லாமல் கடைசிவரை ஆடி முடிக்க வேண்டும். ஆடும்போது எழுதினவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது. பேசினால் அந்த ஆட்டம் செல்லாது, பேசினவர் அத்தனை பேருக்கும் டீ போட வேண்டும். வெளியாளுக்குப் பஞ்சமில்லை. பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை டாக்டர் மாடிக்கு அனுப்பிவைப்பார். வலி தெரியாமல் பொழுது போகுமே என்று அவர்களும் ஏறி வருவார்கள்.

பேசக் கூடாது என்ற விதியைக் கேட்டதும் மாமா, "இதென்ன பெரிய விஷயம்?" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

முதல் ஞாயிறு, கன்னம் மரத்துப்போன ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். திரையில் வேன் வந்தது, பீரோ வந்தது. கூடவே ஒரு கட்டம் வந்தது. 'இருக்கையைச் சரிசெய்யவும்.' அழுத்தினார். 'கண்ணாடியைச் சரிசெய்யவும்.' அழுத்தினார். 'பெல்ட் போட்டாயிற்றா? உண்மையைச் சொல்லவும்.' இளைஞர் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். பிறகு வேன் ஒருவழியாக நகர்ந்தது. உடனே நின்று, 'தவறு. ஏன் தவறு என்று தெரியுமா?' என்றது. இளைஞர் திகைத்துப்போய் எதையோ அழுத்த, மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கண்ணாடி! கண்ணாடியப் பாருங்க தம்பி, பின்னாடி சைக்கிள் வருது!"

டீ போட்டார். அடுத்த கூட்டத்திலும் போட்டார். அதற்கடுத்த கூட்டத்திலும் போட்டார். சங்கத்தில் சேர்ந்து மாமா முதலில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது டீ போடுவதைத்தான். மீசை வெட்கமில்லாமல் சொன்னார்: "சார், நீங்க இன்னும் கொஞ்ச நாள் பேசிட்டே இருங்க. இப்பத்தான் பக்குவமா வருது."

அந்த வருஷத் தொகுப்பு மாமா இல்லாமலே வெளியானது. அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. மாமா விடவில்லை. கட்டங்களைக் குறைத்தார், திட்டுகளை நீக்கினார். வாயையும் ஓரளவு அடக்கப் பழகினார். அப்படியும் ஆடுகிறவர்கள் பாதியில் எழுந்துபோனார்கள். ஏனென்றே யாருக்கும் புரியவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரம்மாவே உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். திருப்பத்தில் வேன் வேகமெடுத்தது, சட்டென்று நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது.

"சார், நான் பிரேக்கத் தொடவே இல்ல. யாரு போடுறா?"

மாமா சுவரைப் பார்த்தார்.

"கேம்தான் போடுது. ஒரு பாதுகாப்புக்கு."

சங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. உலகத்தில் எத்தனையோ பேர் கேம் எழுதுகிறார்கள். ஆடுகிறவனுக்குத் தெரியாமல் பக்கத்து சீட்டில் பிரேக் வைத்து கேம் எழுதியவர் எங்கள் மாமா ஒருவராகத்தான் இருப்பார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க கேமை நீங்களேதான் ஆடிக்கிட்டிருக்கீங்க. வர்றவங்க சும்மா உக்காந்திருக்காங்க."

மாமா கோபித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த வருஷமும் இல்லையென்றால் மூட்டை கட்டிவிடுவேன், கேமும் வேண்டாம் சங்கமும் வேண்டாம் என்று அறிவித்தார். கம்ப்யூட்டரை மூடினார். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தக்காளிய அப்படி நறுக்கினா சாறெல்லாம் போயிடாதா?"

அக்காவுக்கு மாமா முழுநேரமும் வீட்டுக்கே திரும்பிவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். அதற்கும் மேலே ஒன்று இருந்தது, அதை என்னிடம் மட்டும் சொன்னாள். "பாவம்டி. யாராச்சும் ஒருத்தர் கடைசி வரைக்கும் ஆடிடணும்னு சாமிகிட்ட வேண்டாத குறையா இருக்காரு. வேற எதையும் இந்த மனுஷன் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்ல."

அன்றைக்குச் சாப்பிடும்போது அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்ககிட்ட படிச்சுட்டுப் போனாங்களே, அவங்கள்லாம் இப்ப தனியாத்தானே ஓட்டறாங்க?"

"ஆமா."

"அவங்களுக்கு இப்ப யாரு பிரேக் போடுறா?"

"அவங்களேதான் போட்டுக்கணும். வேற யாரு?"

"இடிக்கிறாங்களா?"

"இடிச்சா நமக்குத் தெரியவா போகுது?" என்றவர், பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். சாப்பிட்டு முடித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, தன் புரோகிராமில் 'பாதுகாப்பு' என்று தலைப்புப் போட்டிருந்த பகுதியை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"நீயே அழிச்சிடு. என்னால முடியாது."

நான் ஒரே தட்டில் அழித்தேன். ஊசி போட்டுக்கொள்கிற குழந்தை மாதிரி அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். நன்றாக வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி, மறுக்கமாட்டேன்.

அந்த வருஷத் தொகுப்புக்குக் கடைசி ஞாயிறு வந்தது. அக்காவுக்கு அன்று வேலை. கிளம்பும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நீ கூடப் போ. அவரு வாயத் திறந்தா, கால மிதி. இன்னிக்கு நீதான் அவருக்கு பிரேக்கு."

இப்படி ஒரு வாய்ப்பு தானாக வந்தால் யார் விடுவார்கள்? என் காரிலேயே கூட்டிப்போனேன். மாமா வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்துக்கொண்டே வந்தார்.

மாடி அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். டாக்டர் அனுப்பிய வெளியாள், ஓர் அம்மா, படியேறி வந்தார். கனத்த உடம்பு, கையில் பெரிய துணிப்பை, வீங்கிய கன்னம், வாய் நிறையப் பஞ்சு. ஏதோ ஆபீஸில் பெரிய அதிகாரி போலிருந்தது முகம். கேம் எதுவும் ஆடிப் பழக்கமுண்டா என்று மீசை கேட்டதற்கு, என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்பதுபோல ஒரு முறை முறைத்தார். மாமா என் பக்கம் சாய்ந்து, "போச்சு" என்றார். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்பதால் சும்மா விட்டேன்.

புதிதாக வந்த அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசையை அழுத்தினார். வேன் புறப்பட்டது. அதுவும் சாதாரணமாகவா, பிய்த்துக்கொண்டு பறந்தது. தெருவிளக்கு ஒன்று சாய்ந்தது. மாமாவின் கால் தரையில் உதறிக்கொண்டது. முதல் திருப்பம் வந்தது. அந்த அம்மா வேகத்தைக் குறைக்கவேயில்லை. பீரோ ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, தடாலென்று நடுத்தெருவில் விழுந்தது.

பீரோ விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அப்படித்தான் மாமா எழுதியிருந்தார். ஆனால் ஆட்டம் முடியவில்லை. பீரோ தெருவில் கிடந்தது, வேன் உறுமிக்கொண்டு நின்றது, மீசையின் இசை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விழுந்துவிட்டதா என்று பார்க்கிற வரியும் அந்தப் பாதுகாப்புப் பகுதிக்குள்தான் இருந்திருக்கிறது. என் கையால் ஒரே தட்டில் அதையும் சேர்த்து அழித்துத் தொலைத்திருக்கிறேன்.

அவர் வாய் திறந்தது. மிதித்தேன். வாய் மூடியது.

அந்த அம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். பஞ்சு வாயோடு அவராலும் கேட்க முடியாது, எங்களாலும் சொல்ல முடியாது. அறையில் ஒருவரையொருவர் பார்த்து விழித்துக்கொண்டிருந்தோம். மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆட்டம் செல்லாமல் போகும், இந்த வருஷமும் போகும். சொல்லாமல் விட்டால் தன் கேம் தப்பாக ஓடுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு முதல்முறையாக அவர்மேல் இரக்கம் வந்தது. மிதித்த காலை மெல்ல எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா உதட்டைக் குவித்து யோசித்தார். வேனைப் பின்னால் எடுத்தார், நேராக்கினார், மெதுவாக முன்னே வந்து பீரோவை முட்டினார். பீரோ நகர்ந்தது. இன்னொரு முட்டு. மேலும் நகர்ந்தது. அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது. பீரோவை மூக்கால் தள்ளிக்கொண்டே தெருத்தெருவாகப் போக ஆரம்பித்தார். பீரோ கதவு திறந்துகொண்டு உள்ளேயிருந்து சட்டைகள் வழியெல்லாம் விழுந்தன. பழக்கடை காலியானது. ஒரு சரிவில் பீரோ முன்னால் வழுக்கி ஓட, வேன் பின்னால் துரத்தியது. அந்த அம்மா பஞ்சைக் கடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. சங்கமே அவர் நாற்காலியைச் சுற்றிக் கூடிவிட்டது. தையல்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாமா திரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை எப்போதோ மடியில் விழுந்திருந்தது. கால் ஆடவில்லை.

கடைசித் தெரு வந்தது. தம்பதியின் வாசல் தெரிந்தது. பீரோ தலைகீழாக, கதவு ஒன்று இல்லாமல், ஓர் இடியில் வாசலில் போய்ச் சாய்ந்துகொண்டது. வாசலுக்கு வந்தது பீரோவா என்று மட்டும்தான் கேம் பார்த்தது. அது எந்த லட்சணத்தில் வந்தது என்று பார்க்க ஆள் இல்லை. திரையில் எழுத்து வந்தது: 'பீரோ வந்து சேர்ந்தது. மிக்க நன்றி.'

எல்லோரும் கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரம்மா மாமா பக்கம் திரும்பினார்.

"முடிச்சுட்டாங்க சார். தொகுப்புல உங்களது உண்டு. இனிமே நீங்க தாராளமாப் பேசலாம்."

எத்தனை திருத்தம், எத்தனை விளக்கம் வரப்போகிறதோ என்று நாங்கள் தயாராக நின்றோம். மீசை வேறு, "அந்த விழற விஷயத்தச் சரிபண்ணிடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"எதைச் சரிபண்ணணும்? அது அப்படித்தான்" என்றார் மாமா. எழுந்து, ஆடி முடித்த அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"ரொம்ப நல்லா ஓட்டுனீங்க."

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, அவரைக் கையால் விலகச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆட ஆரம்பித்தார்.

படியிறங்கும்போது எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில்.

"நல்லா ஓட்டுனீங்களா? விளக்குக் கம்பத்தச் சாய்ச்சு, பழக்கடைய ஒழிச்சு, பீரோவத் தெருவுல தேய்ச்சுக்கிட்டுப் போனவங்க நல்லா ஓட்டுனாங்களா? நான் ஒரு கீறல் விழாம ஓட்டிட்டிருக்கேன். எனக்கு ஒருநாள் சொல்லியிருக்கீங்களா மாமா?"

அவர் தெருவுக்கு வந்தார். நான் காரில் ஏறி, அவருக்காகக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. வெளியே நின்று குனிந்து பார்த்தார்.

"நீ தனியா ஓட்டி நான் பார்த்ததே இல்லையேம்மா. நான்தான் எப்பவும் உள்ள உக்காந்திருக்கேன். ஒரு சுத்து போயிட்டு வா. நான் இங்கயே நின்னு பாக்கிறேன்."

போனேன். அவர் பார்க்கிறார் என்ற பதற்றத்தில் முனையிலேயே எஞ்சின் அணைந்து வண்டி நின்றுபோனது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டான். கண்ணாடியில் பார்த்தேன். மாமா நடைபாதையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய் அசையவில்லை. வண்டியை மறுபடி கிளப்பிச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினேன். பின்கதவைத் திறந்து, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நல்லா ஓட்டுற."

"ம்."

"அந்தத் திருப்பத்துல மட்டும் கொஞ்சம்…"

"மாமா!"

"சரி, சரி. போ."

எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைக்கக் கையை எடுத்தால் பின்னாலிருந்து பார்த்துவிடுவாரே என்று எடுக்கவில்லை. கியர் மாற்றவும் தோன்றவில்லை. வீடு வந்து சேரும்வரை இரண்டாவது கியரிலேயே இரைந்துகொண்டு போனோம். மாமாவுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.